சித்தப்பாவுக்கு இல்லாத பரிவட்டம்

லண்டனில் இப்போதைய ராஜாவுக்கு முடிசூட்டிய அன்று உலகமே கிரீடத்தைப் பார்த்தது. நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். ராஜாவின் இளைய மகன் அங்கே உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த அத்தையின் தொப்பியில் பெரிய சிவப்பு இறகு. கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் முகம் தெரியவில்லை, இறகுதான் தெரிந்தது. மூத்த மகனோ முன் வரிசையில் அங்கியும் பதக்கமுமாக மின்னிக்கொண்டிருந்தார். அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டில் போனைப் பிடித்துக்கொண்டு, "யோவ், ஒன் வயித்தெரிச்சல் எனக்குப் புரியுதுய்யா" என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நானும் இரண்டாவது மகன்.

எங்கள் வீட்டுக் கிரீடம் ஒரு துண்டு. பரிவட்டம் என்பார்கள். ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்பு அன்று, ஊரில் பழைய குடும்பங்களின் தலைவர்களை ஒவ்வொருவராக அழைத்து, சாமி துண்டைத் தலையில் கட்டி மாலை போடுவார் பூசாரி. அதன் பிறகுதான் குதிரை நகரும். அப்பா இருந்தவரை அப்பாவுக்குக் கட்டினார்கள். அவருக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியில் அண்ணன் நிற்பான். என்னை எங்கே நிறுத்துவார்கள் தெரியுமா? கூட்டத்துக்கு வெளியே. "செருப்பப் பாத்துக்கடா, எவனாச்சும் மாத்திப் போட்டுட்டுப் போயிருவான்" என்பார் அப்பா. சாமியைப் பார்த்த நேரத்தைவிட அவர்கள் இருவரின் செருப்பைப் பார்த்த நேரம்தான் எனக்கு அதிகம். அப்பா போன பிறகு துண்டு அண்ணன் தலைக்குப் போனது. செருப்பு என்னிடமே இருந்தது.

பி.ஏ. வரலாறு முடித்து, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, இங்கிலாந்து ராஜாக்களைப் பற்றி ரீல்ஸ் போட ஆரம்பித்தேன். நம் ஊர் பாஷையில் பேசுவேன். தம்பிமார் கதை என்றால் குரல் தானாகவே ஏறும். ஆறு பெண்டாட்டி கட்டிய ராஜா இரண்டாவது மகன்தான். அண்ணன் சின்ன வயதில் செத்ததால் சிம்மாசனம் கிடைத்தது. மக்களே விசாரித்துத் தலையை வெட்டிய ராஜாவும் அப்படித்தான். ஒரு பெண்ணுக்காக அண்ணன் கிரீடத்தைத் தூக்கி எறிந்ததால், பேசினாலே திக்கும் தம்பி ராஜாவானார். அண்ணன் நகர்ந்தால் போதும், நமக்கு வழி உண்டு என்று சுற்றிச் சுற்றி அதையே சொல்லியிருக்கிறேன். முடிசூட்டு விழாவில் ராஜாவுக்குக் கையுறை கொடுக்கும் உரிமை ஒரு குடும்பத்துக்கு, வேறு ஏதோ தூக்கிப் போகும் உரிமை இன்னொரு குடும்பத்துக்கு என்று பரம்பரையாகச் சண்டை போடுவதையும் கிழித்து ஒரு ரீல் போட்டேன். "தூக்குறதுக்கு என்னய்யா பரம்பர உரிமை, மானங்கெட்டவய்ங்களா!" என்று முடித்திருந்தேன்.

இந்த வருடம் புரவி எடுப்புக்கு முன்னால் அண்ணன் குவைத்திலிருந்து கூப்பிட்டான். "கம்பெனில லீவு தர மாட்டேங்குறாய்ங்கடா. இந்த வருசம் வர முடியாது" என்றான். "அச்சச்சோ" என்றேன். போனை வைத்துவிட்டு நேராகப் புதுக்கோட்டைக்குப் போய்ச் சிவப்புக் கரை போட்ட வேட்டி வாங்கினேன், முடி வெட்டிக்கொண்டேன், முகத்துக்கு ஏதோ தேய்க்கச் சொல்லித் தேய்த்துக்கொண்டேன்.

ஒருநாள் கூத்து என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் பரிவட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு தலையில் ஒருமுறை கட்டிவிட்டால் அது வழக்கமாகிவிடும். "போன வருசம் எனக்குக் கட்டுனீங்கள்ல?" என்று அடுத்த வருடம் அவன் உரிமையோடு வந்து நிற்கலாம். அண்ணனோ தம்பியோ, மறுத்தால் கோர்ட் வரைக்கும் போவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வேட்டி வாங்கினேன்.

அன்று வெயில் தாழ்ந்த நேரம். பொட்டலில் வெள்ளையடித்த மண்குதிரைகள் வரிசையாக நின்றன. ஊர்த் தலைவரை அம்பலம் என்போம், எனக்கு மாமா முறை, எதற்கெடுத்தாலும் நக்கலடிக்கிற ஆள். "என்ன மாப்ள, முகமெல்லாம் பளபளங்குது? பொண்ணுப் பாக்க வந்தியா, சாமி கும்புட வந்தியா?" என்றார். சிரித்து வைத்தேன். எங்கள் வீட்டின் பெயரைச் சொல்லிப் பூசாரி அழைத்தார். முன்னால் போய்த் தலையைக் குனிந்தேன். விபூதி வாசம் வந்தது. துண்டு வரவில்லை.

"கொஞ்சம் இருங்கய்யா."

அண்ணியின் குரல். நிமிர்ந்தால், பட்டுப் பாவாடை கட்டிய அண்ணன் மகளைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். இந்த வருடம்தான் எல்.கே.ஜி. சேர்ந்திருக்கிறாள். வேடிக்கை காட்டக் கூட்டி வந்தார் என்றல்லவா நினைத்தேன்!

"மூத்தவுக வரலேன்னா அவுக வாரிசுக்குத்தானங்கய்யா கட்டணும்? இந்தா நிக்கிறா."

அம்பலம் தலையைச் சொறிந்தார். "பொட்டப்புள்ளைக்குக் கட்டுற வழக்கம் இல்லையேம்மா."

"எங்க கொழுந்தனாருக்குக் கட்டுற வழக்கமும் இல்லங்களேய்யா."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தான். எனக்குக் காது சுட்டது. "அண்ணி, இது கோயில் விசயம். பொம்பளப் புள்ளைக்கெல்லாம் எந்த ஊர்லயும் இல்ல" என்றேன்.

"லண்டன்ல இருக்குல்ல, கொழுந்தனாரே?" என்றபடி போனை எடுத்தார். சத்தத்தைக் கூட்டிவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறார். என் குரலே பொட்டல் முழுக்கக் கேட்டது.

"பெரியப்பா ராஜா செத்துட்டாரு மக்கா. அவருக்கு வாரிசு இல்ல. அடுத்த தம்பியும் முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு, ஆனா அவருக்கு ஒரு பொண்ணு. பதினெட்டு வயசு. இங்கிட்டு சித்தப்பா ரெடியா நிக்கிறாரு. கிரீடம் யாருக்கு? பொண்ணுக்கு! மூத்தவன் வீட்டுல ஒரு புள்ள இருக்குற வரைக்கும், அது ஆணோ பொண்ணோ, சித்தப்பாவுக்கு சீட்டே கெடையாது! கெளம்புய்யா சித்தப்பு!"

அதிக வியூஸ் வந்த ரீல் அது. அன்று அதற்கு வந்த சிரிப்பு மாதிரி எந்த கமென்ட்டும் வந்ததில்லை.

"அட, நம்ம மாப்ளயே தீர்ப்புச் சொல்லிட்டாரேப்பா!" என்றார் அம்பலம். ஆனாலும் அவருக்குத் தயக்கம். அண்ணனுக்கு வீடியோ கால் போட்டார். வேலைத்தளத்தில் ஹெல்மெட்டோடு நின்றான். "என்னப்பா, தம்பிக்கா மகளுக்கா?" என்று கேட்டார். நான் போனுக்குள் முகத்தை நீட்டினேன். அண்ணன் கண் என்மேல் படவே இல்லை. மகளின் பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எம்மகளுக்கே கட்டுங்க மாமா" என்றான். அவ்வளவுதான். ஐந்து நொடி யோசித்திருக்கலாம். எனக்காக.

மாமா பூசாரியைப் பார்த்தார். பூசாரி சாமியைப் பார்த்தார். துண்டு அவள் தலையில் ஏறியது.

ஏறியது, நிற்கவில்லை. தலை சின்னது, இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியும் கண்ணை மறைத்து இறங்கியது. மாலை தரையைத் தொட்டது. குதிரையோடு கோயில் வரை நடக்க வேண்டும், துண்டு கீழே விழக்கூடாது. "யாராச்சும் தோள்ல தூக்கி, ஒரு கையால துண்டப் புடிச்சுக்குங்கப்பா" என்றார் பூசாரி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சும்மா நின்றிருந்த ஒரே ஆள் நான்தான்.

தூக்கினேன். கழுத்தின் இரண்டு பக்கமும் கொலுசுக் கால். அவள் மாலை என் முகத்தில் தொங்கியது. அன்றைய போட்டோக்களில் எல்லாம் எனக்கு முகமே இல்லை, சம்பங்கிப்பூதான் இருக்கிறது. ஜனங்கள் கும்பிட்டார்கள். அத்தனை கும்பிடும் என் தலைக்கு ஒரு முழம் மேலே போனது. பாதி வழியில் அவள் சாய்ந்தாள். துண்டு நழுவி என் தலையில் விழுந்து நின்றது. ஈரமாக, விபூதி வாசத்தோடு. நான் அதைத் தொடவில்லை. அப்படியே நடந்தேன். நாலு எட்டு நடந்திருப்பேன்.

"கொழுந்தனாரே," பின்னாலிருந்து அண்ணி. "துண்டு."

எடுத்துக் கொடுத்தேன்.

கோயிலில் இறக்கி விட்டதும் அவள் மாலையை இழுத்தபடி, "சித்தப்பா, அடுத்த வருசமும் நீங்கதான் தூக்கணும்" என்றாள்.

"அதுல என்ன சந்தேகம் பாப்பா?" என்றார் அம்பலம் ஊருக்கே கேட்கிற மாதிரி. "ஒரு தடவ தூக்கிட்டான்ல? இனிமே அந்த உரிம அவனுக்குத்தான். வேற எவனும் கேக்க முடியாது. கேட்டா கோர்ட்டுக்குப் போ மாப்ள, நான் சாட்சி சொல்றேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவள் செருப்பைத் தேடிப் பொட்டலுக்குத் திரும்பி நடந்தேன்.