நுரை அடங்கிய குழாய்

செங்கல்பட்டில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நானும் என் தோழியும் பாக்டீரியாவை வைத்து மக்கும் பிளாஸ்டிக் செய்துகொண்டிருந்தோம். அவள் கோவளத்து மீனவர் வீட்டுப் பெண். உப்பளச் சேற்றிலிருந்து அந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்ததே அவள்தான். வேறு கிருமிகள் பிழைக்காத உப்புத் தண்ணீரில் அது செழிக்கும். அரிசி ஆலைக் கழிவுநீரைக் கொடுத்தால் தின்றுவிட்டு, நம் உடம்பு கொழுப்பைச் சேர்ப்பதுபோல் தனக்குள் பிளாஸ்டிக்கைச் சேர்த்துவைக்கும்.

ஆனால் அந்த உப்பு எங்கள் எஃகுத் தொட்டியை அரித்துவிட்டது. அதனால் உயரமான கண்ணாடிக் குழாய் ஒன்றை நிறுத்தி, அடியிலிருந்து காற்றை ஊதினோம். குமிழிகள் மேலேறும்போதே எல்லாம் கலந்துவிடும். தொல்லை கொடுத்தது நுரைதான். பொங்கி வழிந்து, பாக்டீரியாவையும் அள்ளிக்கொண்டு தரையில் ஓடியது.

"குழாயோட மேல்வாயை அகலமாக்கினா நுரை அங்கியே உடைஞ்சிடும் சார்" என்றாள் பேராசிரியரிடம்.

"புதுசுக்கெல்லாம் அனுமதி வாங்கணும்மா. இருக்கறத வச்சி ஓட்டுங்க."

நானும் சேர்ந்து கேட்டேன். எழுதி அனுப்புவதாகச் சொன்னார்.

அந்த மழைக்காலத்தில் அவள் அப்பா படகில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். அவள் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்கப்புறம்தான் அனுமதி வந்தது. வாயை அகலமாக்கிய முதல் காலையிலேயே நுரை அடங்கிவிட்டது. பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் பொடியை உருக்கி அழுத்தி ஒரு தகடு செய்து, சிறுசேரிக்கு எடுத்துப்போனேன்.

டீக்கடையில் தகட்டை வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"நுரை நின்னுச்சா?"

"நீ சொன்ன மாதிரியே வச்சோம். நின்னுடுச்சி."

சிரித்தாள். தகட்டை லேசாக வளைத்தாள். படக்கென்று உடைந்தது.

"ஐயோ, சாரிடி!"

"பரவால்ல. இன்னும் வளையற பக்குவம் வரல. திரும்பி வந்துடேன்டி."

"எங்க வர்றது? வூடே என் சம்பளத்துலதான் ஓடிகினு கீது." துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபடி, "பாக்டீரியாவுக்குப் போடற தீனியை மாத்திப் பாரு, கொஞ்சம் வளைஞ்சி குடுக்கும்" என்றாள். போன் அடித்தது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

தீனியை மாற்றிப் பார்ப்பதற்குள் திட்டக்காலம் முடிந்து, குழாயைக் கழற்றிவிட்டார்கள். நான் இப்போது பாடம் மட்டும் நடத்துகிறேன். கிறிஸ்துமஸுக்குப் பேசும்போது தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வாள். குழாயைப் பற்றிக் கேட்க மாட்டாள்.

அனுமதி முன்பே வந்திருந்தாலும் அவள் அப்பா விழுந்திருப்பார், அவளும் போயிருப்பாள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் நுரை அடங்கிய அந்தக் காலையில் அவள் என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.