பாதி விலைக்கு வீட்டுக்கு வந்த துவக்கு

வாங்க விருப்பமே இல்லாத பொருளுக்கு நாம் ஏன் விலை கேட்கிறோம்?

மூன்று வாரமாக இதைத்தான் யோசிக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. புடவைக் கடையில் கேட்டிருக்கிறேன். தளபாடக் கடையில் கேட்டிருக்கிறேன். அதனால் யாருக்கும் நட்டம் வந்ததில்லை. ஆனால் இந்த முறை நான் விலை கேட்டது ஒரு துவக்குக்கு!

பதறாதீர்கள். எயார் ரைபிள்தான். குரங்கு விரட்டுவதற்கு. உங்கள் பங்குக்கும் சேர்த்து நானே பதறி முடித்துவிட்டேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும்... காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறவள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் துவக்கு எப்படி வந்தது?

அலவத்துகொடையில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. பின்னால் பலாமரம், அதற்குப் பின்னால் காடு. எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குள் ஒரு வழக்கம். குரங்குக் கூட்டம் இறங்குவதை முதலில் காணும் வீட்டார் ஒரு தட்டை எடுத்துக் கரண்டியால் தட்ட வேண்டும். சத்தம் கேட்டதும் மற்ற வீடுகளில் சமையலறை ஜன்னலைச் சாத்திவிடுவோம். உள்ளே வந்தால் அவை மேசையில் இருக்கிற பாணை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த குரங்குகள் இவை.

அன்று யாரும் தட்டைத் தட்டவில்லை. என் மகள் மிது பின்வாசல் படியில் உட்கார்ந்து பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றரை வயது. நான் தண்ணீர் எடுக்கத்தான் உள்ளே போனேன். அலறல் கேட்டு ஓடி வந்தால் பணிஸ் கூரை மேல் இருக்கிறது, மிதுவின் மணிக்கட்டில் நகம் கீறிய கோடு.

ஆஸ்பத்திரி. நாய்க்கடிக்குப் போடுகிற அதே ஊசி. ஒன்றோடு முடியவில்லை, திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது. அதன்பின் மிது முற்றத்துக்கு இறங்கவேயில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நானும் இறங்கு என்று சொல்லவில்லை.

என் கணவர் சதீஷ் கோபப்படத் தெரியாத மனிதர். அவர்தான் ஒரு நாள் தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்.

“கட்டுகஸ்தோட்டப் பக்கம் விவசாயக் கண்காட்சி போட்டிருக்காங்களாம். எயார் ரைபிள் விக்கிறாங்களாம். போய்ப் பாப்போமா?”

“புள்ள இருக்கிற வீட்ல துவக்கா?”

“கொல்றதுக்கு இல்லம்மா. பயங்காட்ட.”

பயங்காட்டத்தான் என்று வாங்கிய பொருள் பயங்காட்டுவதோடு நிற்குமா? கேட்க நினைத்தேன். மிதுவின் மணிக்கட்டைப் பார்த்தேன். “போய்ப் பாப்போம்” என்றேன்.

பக்கத்து வீட்டு பரீதா ராத்தாவும் எங்களோடு வந்தார். அக்குறணைக் கடைக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு பிள்ளைகளின் தாய். “நான் ஒண்டும் வாங்க வரல்ல புள்ள. ஒங்கள ஏமாத்தாம பாத்துக்கத்தான் வாறன்” என்று சொல்லி, கையோடு ஒரு பெரிய பையையும் எடுத்துக்கொண்டார்.

மைதானத்தில் நாற்று, உரம், தண்ணீர் பம்பு எல்லாம் இருந்தன. ஆனால் கூட்டம் முழுவதும் கடைசிக் கூடாரத்தில். அதற்குள் குரங்கை விரட்டும் சாமான்கள் மட்டும்தான். சிறுத்தை உறுமுகிற ஸ்பீக்கர் ஒன்று. கண் இரண்டும் பச்சையாக எரிகிற பொம்மைச் சிறுத்தை ஒன்று. அதைக் கண்டு குரங்கு பயப்படுமோ தெரியாது, மிது சிரித்துவிட்டாள். பிளாஸ்டிக் குழாயில் செய்த வெடிக்குழல் ஒன்று. நீள மேசையில் வரிசையாக எயார் ரைபிள்கள்.

ஒரு வாடிக்கையாளராக என் கருத்தைச் சொல்ல வேண்டுமென்றால், தெரிவு அப்படியொன்றும் பெரிதில்லை. மேசை நிறைய அடுக்கியிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் மூன்று வகைதான். மரப்பிடி, கறுப்புப் பிளாஸ்டிக் பிடி, காட்டு நிறம் பூசிய பிளாஸ்டிக் பிடி. பிளாஸ்டிக் பிடிகளில் ஒன்று அப்போதே இலேசாக ஆடியது. குண்டுப் பெட்டி தனி விலை, உறை தனி விலை. விலைகள்? மரப்பிடிக்கு எழுபதாயிரம் என்று அட்டையில் எழுதியிருந்தது. காட்டு நிறத்துக்கு அதைவிடக் கூட. வர்ணத்துக்கு எதற்குக் காசு? பிரஷர் குக்கர் வாங்கும்போது கேட்கிற அத்தனை கேள்வியும் கேட்டேன். உத்தரவாதம் எவ்வளவு காலம்? வாஷர் தேய்ந்தால் எங்கே கிடைக்கும்? துரு பிடிக்குமா?

விற்பனையாளர் கம்பளைக்காரர். வாயாடி. “கையில எடுத்துப் பாருங்க மிஸ், கடிக்காது” என்றார்.

“சும்மா சத்தம் மட்டும் வர வைக்க முடியாதா? குண்டு போடாம?”

“குண்டு போடாம அடிச்சா ஸ்பிரிங் போயிரும் மிஸ். சத்தம் மட்டும் வேணும்னா வீட்டுக்காரரக் கத்தச் சொல்லுங்க!”

சதீஷ் அசடு வழியச் சிரித்தார். நான் துவக்கை வாங்கி, அவர் காட்டியபடி, குண்டு போடுவதற்காகக் குழலை மடக்கப் பார்த்தேன். அசையவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தினேன். பாதி வந்து திரும்பிவிட்டது.

“இதத்தான் நானும் சொல்றேன். சின்னப் புள்ளயால தொறக்கவே முடியாது. பயமே வேணாம்” என்றார் விற்பனையாளர்.

“அவரு வேலைக்குப் போன பொறகுதான் கொரங்கு வரும். என்னாலயும் முடியலயே?”

ராத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் கையிலிருந்து வாங்கினார். ஒரே மடக்கு. டக்!

“எட்டுப் பேருக்கு இடியப்பம் புழியிற கை இது” என்றார், சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்து. “நீங்க நகருங்கோ.”

கூடாரமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மிதுவைத் தேடினேன். தகப்பன் தோளில் இருந்தபடி மேசை மேல் குனிந்து, ஒரு துவக்கின் விசையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். குண்டு இல்லை. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இது எங்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்தாயிற்று. எப்படிச் சொல்வது? சதீஷ் ஆசையோடு நிற்கிறார். பிள்ளைக்காகத்தான் நிற்கிறார். இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்லி அவர் முகத்தை வாட வைக்க வேண்டுமா?

நம் ஊர்களில் இதற்கு ஒரு கௌரவமான வழி இருக்கிறது. பொருள் பிடிக்கவில்லை, ஆள் பிடிக்கவில்லை, கையில் காசில்லை... எதுவாக இருந்தாலும் விலை படியவில்லை என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாம். யாருக்கும் மனவருத்தம் இல்லை. நானும் அந்த வழியிலேயே இறங்கினேன். எவனும் ஒத்துக்கொள்ளாத ஒரு விலையைக் கேட்டுவிட்டால் போதாதா?

மரப்பிடியைக் காட்டினேன். “முப்பத்தையாயிரம் தாறேன். குண்டுப் பெட்டியும் உறையும் சேத்து.”

கேட்டுவிட்டு, கோபித்துக்கொண்டு போகிற முகத்தையும் தயாராக வைத்துக்கொண்டேன்.

விற்பனையாளர் மேசையைப் பார்த்தார். வெளியே வானத்தைப் பார்த்தார். கண்காட்சியின் கடைசி நாள், பின்னேரம், மழை இருட்டிக்கொண்டு வருகிறது. எல்லாவற்றையும் லொறியில் ஏற்ற வேண்டும்.

“சரி மிஸ். எடுங்க.”

கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். “இல்ல... நான் என்ன சொல்றேன்னா...”

“என்ன புள்ள இன்னும்?” ராத்தா என் காதுக்குள் சொன்னார். “நீங்க கேட்ட வெலய அந்தாள் தந்திட்டார். இனி வேணாண்டு செல்ல ஏலா. வாயால சென்னா முடிஞ்சிது.”

உண்மைதான். கேட்ட விலைக்குக் கொடுத்தபின் எடுக்காமல் போகிறவருக்கு நம் பக்கத்தில் என்ன பெயர் என்று உங்களுக்கும் தெரியும். சதீஷ் என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் மிது என் மடியில், துவக்கு கணவர் மடியில். “பாதி விலைக்கு வாங்கிட்டியே!” என்று அவர் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

அனுமதி ஏதாவது வேண்டுமா என்று கூடாரத்தில் கேட்டபோது ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். மறுநாள் முதல் வேலையாக சதீஷை அனுப்பினேன். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு, கொடுக்க வேண்டிய விபரங்களைக் கொடுத்துவிட்டு வந்தார். துவக்கை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி என் கழுத்துச் சங்கிலியில். குண்டுப் பெட்டி சாமித்தட்டில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால். வேறு எங்கே மிதுவின் கை எட்டாது?

ராத்தா வீட்டு ஏணியை இரவல் வாங்கி, பலாமரக் கிளையில் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கட்டினார் சதீஷ். குறி குரங்குக்கு அல்ல, டின்னுக்கு. அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

முதல் தடவை நான் தனியாக இருந்தேன். மேல் வீட்டில் தட்டுச் சத்தம். மிதுவை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, சங்கிலியைக் கழற்றி, அலுமாரியைத் திறந்து, கதிரையில் ஏறிக் குண்டை எடுத்து, நாலைந்து நாள் பழகிப் பிடிபட்ட முறையில் முழங்காலில் வைத்துக் குழலை மடக்கி வெளியே வந்தால்... குரங்குகள் பப்பாசிப் பழத்தைத் தின்று முடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. கடைசியாகப் போனது என்னைத் திரும்பிப் பார்த்தது.

மறுமுறை நேரத்துக்கு முடிந்தது. டாங்!

அந்த ஒரு சத்தத்துக்குக் கூட்டமே கிளைவிட்டுக் கிளை பறந்தது. குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஓடிய தாய்க் குரங்கைப் பார்த்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரம் அவை எங்கள் பக்கம் வரவே இல்லை. மிது ஒரு கால் வைத்துப் பார்த்தாள், பிறகு மற்றக் கால். பிறகு முற்றத்தில் ஓடினாள். நான் உள்ளே போய்த் தேநீர் ஊற்றினேன். ஊற்றி முடியும் வரை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அதன் அருமை தாய்மாருக்குத் தெரியும்.

இதோடு பத்தியை முடித்திருப்பேன். செவ்வாய்க்கிழமை பரீதா ராத்தா வேலியோரம் வந்து நிற்காமல் இருந்திருந்தால்.

“புள்ள, ஒங்கட வீட்டுக்கு வாற கொரங்கெல்லாம் இப்ப எங்கட ஓட்டுக்கு மேலதான் குடியிருக்குது” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எங்கே போகும் அவை? நான் அதை யோசிக்கவேயில்லை. காட்டுக்குத் திரும்பிப் போய்விட்டன என்று நினைத்துக்கொண்டேன். குரங்கு எந்தக் காலத்தில் அப்படிப் போயிருக்கிறது?

“எங்கட சின்னவள் வெளியே குளிக்கிற எடத்துக்கே தனியப் போறாள் இல்ல. நேத்து அவள்ட கையில இருந்த வாழப்பழத்தப் பறிச்சிட்டுது.” ராத்தா இப்போது சிரிக்கவில்லை. “அந்தத் துவக்கப் பகல்ல மட்டும் தாங்களேன். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு கொண்டந்து தாறன். ஏணி எடுக்கிற மாதிரித்தானே?”

“இவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன் ராத்தா” என்றேன்.

கேட்டேன். “உன் இஷ்டம்” என்றார் சதீஷ். பெயருக்குக் கேட்டால் பெயருக்குத்தானே பதில் வரும்?

ராத்தாவின் சின்ன மகளுக்கு ஐந்து வயது. அவளுக்கு மேலே ஏழு, ஒன்பது, பதினொன்று. கதிரையில் ஏறத் தெரிந்த பிள்ளைகள். அலுமாரிச் சாவி எங்கே இருக்கும் என்று தெரிந்த பிள்ளைகள். இரண்டு பேர் சேர்ந்தால் அந்தக் குழலை மடக்கிவிடுவார்கள். அதை நினைத்தால் கொடுக்க மனம் வரவில்லை. கொடுக்காவிட்டால்? நாளைக்கு அந்தச் சின்னவளின் கையில் நகம் பட்டால், அந்தக் குரங்கை அங்கே அனுப்பியது யார்? டின்னைக் கழற்றிவிடலாமா என்றும் யோசித்தேன். அப்போது அவை எங்கள் முற்றத்துக்கே திரும்பும். மிது மறுபடியும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இதில் எனக்கு மிகவும் கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது. என் வீட்டில் இருந்தால் பாதுகாப்பு, உங்கள் வீட்டில் இருந்தால் ஆபத்து என்று ஒரு தாய் இன்னொரு தாயிடம் எப்படிச் சொல்வது? அதுவும் என் பிள்ளைக்கு ஊசி போடப் போன நாளெல்லாம் எங்கள் வீட்டில் உலை வைத்துத் தந்தவரிடம்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். இதை நீங்கள் வாசிக்கும்போது வெள்ளிக்கிழமை போயிருக்கும், நானும் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பேன். என்றாலும் எழுதுங்கள்... கொடுத்திருக்க வேண்டுமா, மறுத்திருக்க வேண்டுமா? பிழையான பதிலைச் சொல்லியிருந்தால், வேலி தாண்டிப் போய் மாற்றிச் சொல்ல இன்னும் நேரம் இருக்கும் என்று நம்புகிறேன்.