பணிஸுக்குப் பதில் பெட்டிஸ்

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக் கன்டீனின் கண்ணாடிப் பெட்டியில் சுட்டுவிரலை வைத்தபடி நின்ற ஏழு வயதுச் சிறுமிதான் முதலில் நினைவுக்கு வருகிறாள். உள்ளேயிருந்த கன்டீன் அக்கா, விரல் எங்கே காட்டுகிறது என்றுகூடப் பார்க்காமல் சீனிப் பணிஸ் என்ற இனிப்பு ரொட்டியை எடுத்து நீட்டினார். ஒரு சொல் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

நான் பேச்சு சிகிச்சையாளர். வெள்ளவத்தையில் இரண்டு, கொட்டாஞ்சேனையில் இரண்டு என்று நான்கு பள்ளிக்கூடங்கள் என் தலையில். ஒவ்வொன்றுக்கும் கிழமையில் ஒரே நாள். இங்கே எனக்குக் கிடைத்த அறை, பாண்ட் மேளங்களும் உடைந்த மேசைகளும் அடைந்து கிடந்த ஸ்டோர். அதற்குள் அவள் என்னோடு மெல்லக் கதைப்பாள். வெளியே வாயே திறக்கமாட்டாள். 'ஸ்' வராத அவளுடைய உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே ஒருநாள் சிரித்திருக்கிறது. தவணை முடிவதற்குள் பேசாவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பார்க்கும்படி அதிபர் தாயிடம் சொல்லிவிட்டார். நான் வரும் செவ்வாய்க்கிழமை மட்டும் பேசும் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வகுப்பாசிரியைக்கோ நாற்பது பிள்ளைகள். மிச்ச நாட்களில் அவளை நேருக்கு நேர் பார்க்கிற ஆள் கன்டீன் அக்கா ஒருவர்தான்.

அவரிடம் போய், கேட்டால்தான் தருவேன் என்று பிள்ளையை மிரட்டக்கூடாது, விளங்காத மாதிரி நடித்தால் போதும் என்றேன்.

"புள்ளைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியுமே மிஸ். தெரிஞ்சுக்கிட்டே எப்படி?"

எனக்குப் பொறுமை குறைவு. "உங்கட அன்புதான் அக்கா அவளின்ட வாய அடைக்குது" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாளே நடிக்கத் தொடங்கிவிட்டார். பணிஸுக்குப் பதில் மீனும் மிளகாயும் அடைத்த பெட்டிஸ் கொடுத்தாராம். பிள்ளை பேசாமல் சாப்பிட்டாள். அடுத்த நாள் ரோல்ஸ், அதையும் அப்படியே சாப்பிட்டாள். அடுத்த செவ்வாய் நான் போனபோது, "உறைப்புல அவ கண்ணெல்லாம் தண்ணி. என்னால ஏலாது மிஸ்" என்று அழுதார். இன்னும் ஒரு கிழமை என்று கெஞ்சினேன். அவளுக்கு மட்டும் செய்தால் கூச்சப்படுவாள் என்று, வரிசையில் நின்ற எல்லோருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தார் அக்கா. எனக்குத் தோன்றாத யோசனை அது. வியாழக்கிழமை அவளுக்கு நீட்டியது வெறும் கோப்பை.

"ஆன்டி, பணித்" என்றாள் சிறுமி.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் பசி. அன்றோடு ஆன்டிக்கு ஒன்றும் விளங்காது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். இடைவேளைகளில் கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் நின்று, யாருக்கு என்ன வேண்டும் என்று அக்காவுக்கு எடுத்துச் சொன்னாள். ஒருநாள் தேத்தண்ணீருக்கு வந்த அதிபரையும் மறித்தாளாம்: "சேர், என்னட்ட சொல்லுங்க. ஆன்டிக்கு விளங்காது." வேறு பள்ளிக்கூடம் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

இனி நடிக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். "இருக்கட்டும் மிஸ். அவ இங்க படிக்கிற வரைக்கும் நான் மொக்காவே இருந்துட்டுப் போறேன். யார்கிட்டயும் சொல்லிறாதீங்க" என்றார். புதிதாக வந்த ஆசிரியைகள் அவரை உண்மையிலேயே மந்தம் என்று நினைத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்றிருக்கும். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

பல வருடம் கழித்து, போன மாதம் வெள்ளவத்தை பஸ் நிறுத்தத்தில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். உயரமாக வளர்ந்து, நிறுத்தாமல் கதைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்: "ஆன்டி பாவம் மிஸ். நான் போன பிறகு அவங்களுக்கு யார் விளங்கப்படுத்தினது?"

இன்னொரு பிள்ளை இருந்தாள் என்றேன். அது பொய்யில்லை. அவள் போன அடுத்த வருடமே பேசாத இன்னொருத்தியை அக்காவிடம் அனுப்பிவிட்டேன்.