இரண்டு தலைக்கும் ஒரே அளவு

சமயபுரத்து அம்மனோடு எனக்கு இப்போது பேச்சுவார்த்தை இல்லை. பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் பஸ் அவள் ஊரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்த இடம் வந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் கோயில் இருக்கிற திசையில் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஏன் என்று அவளுக்கும் தெரியும்.

நான் பெரம்பலூரில் தையற்கடை வைத்திருக்கிறேன். மகள் பள்ளிக்கூடம் சேரும் முன்பே அவள் அப்பா எங்களை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார். ஜாக்கெட் தைத்தே அவளைக் கால்நடை மருத்துவம் வரை படிக்க வைத்தேன். எனக்கு அவள், அவளுக்கு நான். வேறு பெரிய சொந்தபந்தம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. இருந்தவர்களும் கல்யாணப் பத்திரிகை கொடுக்க மட்டும் வழி கண்டுபிடித்து வருகிறவர்கள்.

அவளுக்கு வேலை மீன்சுருட்டிப் பக்கம் அமைந்தது. ஆடு, மாடு, கோழி என்று பார்த்துக்கொண்டிருந்தவளிடம் ஒருவர் காலில் வீக்கம் என்று ஒரு வெள்ளைப் பெண்குதிரையைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு விடுகிற குதிரை. இவள் ஊசி போட்டு, கட்டுப் போட்டு, தினமும் போய்ப் பார்த்துக் குணப்படுத்தினாள். கால் சரியான அன்று குதிரைக்காரர், "ஒரு தடவ ஏறித்தான் பாருங்களேன் டாக்டரம்மா" என்றிருக்கிறார். இவளும் ஏறியிருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடும்போதுகூடச் சிரித்துக்கொண்டே இருந்தாள். காதல் கீதல் ஏதாவதோ என்று பார்த்தால், குதிரை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தஞ்சாவூர்ப் பக்கம் போய் முறையாகவே குதிரை ஓட்டக் கற்றுக்கொண்டாள். அங்கே முதல் நாளே சொல்லிவிட்டார்களாம், சொந்தமாக ஹெல்மெட் வாங்கிவிட்டுத்தான் வரவேண்டும் என்று.

"ஸ்கூட்டர் ஹெல்மெட்தான் இருக்கே. அத மாட்டிக்கிட்டுப் போயேன்" என்றேன்.

"அது வேறம்மா. கனமா இருக்கும், கழுத்தப் புடிச்சு இழுக்கும். காதையும் மூடிடும். குதிரை மூச்சு விடுறது எனக்குக் கேக்கணும்."

அளவெடுக்க மட்டும் என்னிடம் வந்தாள். மார்பு, இடுப்பு, கை, கழுத்து என்று ஊரில் பாதிப் பெண்களின் அளவு எனக்கு மனப்பாடம். ஆனால் தலையைச் சுற்றி இன்ச் டேப் பிடித்தது அதுதான் முதல் தடவை. புருவத்துக்குச் சற்று மேலே, காதுக்கு மேலே, பின்மண்டை புடைத்திருக்கிற இடத்தோடு சேர்த்து எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். பிறகு டேப்பைப் பிடுங்கி என் தலையையும் அளந்தாள். இரண்டும் ஒன்று. நூல் பிசகவில்லை. எங்களுக்கு முடியும் ஒரே மாதிரிதான், கைக்குள் அடங்காது. முடிதான் எங்கள் வீட்டுச் சொத்து என்று நானே சொல்லிப் பெருமைப்படுவேன்.

"கொஞ்சம் தாராளமா வாங்குடி" என்றேன். அது என் தொழில் புத்தி. வயதுப் பெண்களுக்குத் தைக்கும்போது உள்ளே துணி விட்டுத்தான் தைப்பேன். ஒரு வருஷம் கழித்து வந்து, பிரித்துவிடுங்கள் அக்கா என்பார்கள். அப்போது துணி இல்லையென்றால் அந்த ஜாக்கெட் வீண். மகளுக்கும் சின்ன வயதிலிருந்து பாவாடை, செருப்பு, யூனிபார்ம் எல்லாமே வளர்கிற பிள்ளை என்று பெரிதாகத்தான் வாங்கினேன். எதையும் அவள் சரியான அளவில் போட்டதில்லை. சரியாகிற நேரத்தில் கிழிந்துவிடும்.

என் பேச்சைக் கேட்டு ஒரு அளவு பெரிதாக வரவழைத்தாள். பார்சலைப் பிரித்துத் தலையில் வைத்தாள். வாரைக் கட்டாமல் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். தலை ஒரு பக்கம் போனது, ஹெல்மெட் ஒரு பக்கம் போனது. அன்றே திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்து வந்தது அப்படியே கவ்விப் பிடித்தது. தலையை ஆட்டினால் ஹெல்மெட்டோடு சேர்ந்து புருவமும் நெற்றித் தோலும் நகர வேண்டும், அதுதான் சரியான அளவு என்றாள். மோவாய்க்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல் போனால் போதும். பின்னலைக் கழுத்துக்கு மேல் தாழ்வாகப் போட வேண்டும், கொண்டையை உள்ளே திணித்தால் ஹெல்மெட் தூக்கிக்கொள்ளும். இதையெல்லாம் ஏதோ நானும் நாளைக்குக் குதிரை ஏறப் போகிறவள் போல எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரே அளவு என்பதால் என் தலையிலும் மாட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தால் நெற்றி முக்கால்வாசி மறைந்துவிட்டது.

"இறுக்கமா இருக்குடி."

"அப்படித்தாம்மா இருக்கணும்."

"குங்குமம் வைக்க எடமே இல்ல."

"குங்குமம் வைக்கிற எடத்தத்தான் மொதல்ல காப்பாத்தணும்" என்று சொல்லிவிட்டு, என் மோவாய்க்கடியில் விரலை விட்டு வாரைச் சரிபார்த்தாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. இன்றைக்கும் அந்த இடம் எனக்குத் தெரியும்.

அந்த ஹெல்மெட்டை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி தன் உடம்பைப் பார்த்துக்கொண்டதில்லை. எங்கள் ஊர் வெயிலுக்குத் தகரக் கூரையடியில் ஆணியில் மாட்டினேன் என்று என்னோடு சண்டை பிடித்தாள். சூட்டில் உள்ளே இருக்கிற பஞ்சு மாதிரியான கெட்டிப் பகுதி கெட்டுப்போகுமாம். பிறகு நான் தைத்துக்கொடுத்த துணிப்பையில் போட்டு பீரோவுக்குள் வைத்தாள். வியர்வை குடித்த உள் துணியை மட்டும் கழற்றி, ஷாம்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்துவாள். ஆயுத பூஜைக்குத் தையல் மிஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் பக்கத்தில் அதையும் வைத்துச் சந்தனம் வைத்தேன். "சந்தனம் வச்சுக்க. கற்பூரத்த மட்டும் தள்ளிக் காட்டு" என்றாள்.

இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை விழுந்து அடிபட்டால், பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். உள்ளே நொறுங்கியிருப்பது வெளியே தெரியாது.

பிறகு எனக்கு உடம்புக்கு வந்தது. மார்பில் கட்டி. திருச்சிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, மருந்து ஏற்றிக்கொண்டு, தலையணையில் முடியைக் கொத்தாகப் பார்த்தேன். உயிர் போவதைவிட அதற்குத்தான் அதிகம் அழுதேன். சொன்னால் சிரிப்பீர்கள். அவள் சிரிக்கவில்லை. உதிர்ந்ததை நான் பார்ப்பதற்கு முன்பே காலையில் கூட்டி எடுத்துவிடுவாள். அந்த நாட்களில் குதிரைப் பக்கமே போகவில்லை.

ஒருவழியாக மருந்து முடிந்தது. பரிசோதனை செய்துவிட்டு, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது சமயபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கு என்றாள். கும்பிடத்தான் கூட்டிப் போகிறாள் என்று நினைத்தேன். நேரே மொட்டை போடுகிற மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள்.

"யாரக் கேட்டு வேண்டிக்கிட்ட?"

"ஒன்னக் கேட்டா வேணாம்ப."

"எனக்கு மொளைக்கட்டும்னு ஒன்னோடத குடுக்கிறியா? இது என்னடி கணக்கு?"

"தலயில தண்ணி தெளிக்கிறாங்க. சும்மா இரும்மா."

முடி மடியில் விழ விழ நான் அழுதேன். அவள் குனிந்தபடியே சிரித்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, என் தலைத்துணியை விலக்கிப் பார்த்தாள். எனக்குக் கோழிக்குஞ்சு மாதிரி லேசாக முளைக்கத் தொடங்கியிருந்தது. "இப்ப நீதான் முடிக்காரி" என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு மொட்டைகளையும் பார்த்து ஒரு அம்மாள் உட்கார இடம் கொடுத்தார். நான் வாழ்ந்ததிலேயே நல்ல நாள் அது. அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் பீரோவிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். அது தனியாகச் சுற்றியது. அவ்வளவு முடியும் போன பிறகு அந்த இடம் காலியாகத்தானே இருக்கும்.

"வேற வாங்கிடு" என்றேன்.

"எதுக்கும்மா? முடிதானே, வளந்துடும். ரெண்டு மூணு மாசத்துல இதுவே சரியாயிடும். அதுவரைக்கும் நான் ஏறல, போதுமா?"

வளர்கிற பிள்ளைக்குப் பெரிதாக வாங்கியே பழகிய வீடு எங்களுடையது. வளர்ந்ததும் சரியாகிவிடும் என்பது என் வாயிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த சொல். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஏறவில்லை என்றால் ஏறமாட்டாள், அவள் அப்படித்தான்.

அப்படியே ஏறாமலும் இருந்தாள். ஒரே ஒரு நாளைத் தவிர.

அன்று அந்த வெள்ளைக் குதிரைக்கு மறுபடியும் கால் நோவு கண்டு குணமாகியிருந்தது. மறுநாள் ஜெயங்கொண்டத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். ஆளை ஏற்றினால் நொண்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று இவளே சொல்லியிருக்கிறாள். நொண்டுகிற குதிரை மேல் மாப்பிள்ளையை ஏற்றுவது குதிரைக்குப் பாவம் என்றாளாம். தலையில் துப்பட்டாவை மடித்துக் கட்டி, அதற்கு மேல் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். ஓட்டக்கூட இல்லை, நடைதான். சோளக்கொல்லை ஓரம் சொட்டுநீர்க் குழாய் கிடந்திருக்கிறது. அதில் முன்கால் மாட்டிக் குதிரை மண்டியிட்டது. இவள் அதன் கழுத்துக்கு மேலாக முன்னால் போய் விழுந்தாள். துப்பட்டா வழுக்கி, ஹெல்மெட் பிடரிக்குச் சரிந்துவிட்டது. வரப்பில் ஒரு கல் இருந்தது.

குங்குமம் வைக்கிற இடம்.

ஆம்புலன்ஸ் அரியலூர் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. என்னை அங்கேதான் கூட்டிப் போனார்கள். துணியை விலக்கிக் காட்டியபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தேன். முடி விரல் நுனியளவு வளர்ந்திருந்தது. கறுப்பாக, அடர்த்தியாக, நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

காரியம் முடிந்த பிறகு குதிரைக்காரர் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். நான் தைத்த பைக்குள்தான் போட்டிருந்தார். வாசலிலேயே நின்றார்.

"நான் ஏறுங்கன்னு சொல்லலைங்கம்மா. நடையா பாத்துட்டு எறங்கிடறேன்னாங்க."

"தெரியும்ங்க. குதிரை எப்படி இருக்கு?"

"முட்டியில காயம். டாக்டரம்மா எழுதிக்குடுத்த மருந்துதான் போடறேன்."

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். குதிரைமேலும் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் எல்லாம் ஒருத்தி மேல்தான். கேட்டது முடி என்றால் முடியோடு நிறுத்தியிருக்க வேண்டும். விதி என்கிறார்கள், ஆயுசு அவ்வளவுதான் என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் என் கடையில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைப்பேன். கொடுத்ததில்லை. வாயை மூடிக்கொண்டு அளவெடுப்பேன்.

அவர்களே இப்போதெல்லாம் என் பின்னலைத் தொட்டுப் பார்த்து, "முடி பழையபடி வந்துடுச்சுக்கா" என்று சந்தோஷப்படுகிறார்கள். உண்மைதான். வேண்டுதல் பலித்துவிட்டது. எண்ணெய் வைத்து வாரும்போது கை நின்றுபோகும். இது யாருடைய முடி என்று எனக்குத் தெரிந்த பிறகு, அதை எப்படிச் சீவி முடிந்துகொண்டு கடை திறப்பது? ஆனாலும் தினமும் திறக்கிறேன்.

விழுந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. வெளியே ஒரு கீறல்கூட இல்லை, கொஞ்சம் மண் மட்டும்தான் ஒட்டியிருந்தது. அவள் செய்கிற மாதிரியே உள் துணியைக் கழற்றி அலசி, நிழலில் உலர்த்தி, பையில் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன்.

போன வாரம் கடைக்கு விடுமுறை. பீரோவைத் திறந்து அதை எடுத்தேன். பின்னலைத் தாழ்வாகப் போட்டுக்கொண்டு தலையில் வைத்தேன். வாரைக் கட்டாமல் தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன். அது நகரவில்லை. புருவமும் நெற்றித் தோலும்தான் அதோடு சேர்ந்து நகர்ந்தன. வாரை மாட்டி, மோவாய்க்கடியில் என் விரலையே விட்டுப் பார்த்தேன். ஒரு விரல்தான் போனது.

"இறுக்கமா இருக்குடி" என்றேன்.

அப்படித்தான் இருக்கணும் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை.