மாமாவின் இரண்டு சுற்று

கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பியூன் அண்ணன் வாசலில் வந்து நின்றார். "பையை எடுத்துக்கிட்டு வாம்மா. உங்க மாமா..." என்றார். என் அம்மாவின் தம்பி சேவியர் மாமா, அன்று காலை ஆற்று மதகின் அடியில் இறந்துபோனார். நாளை அவருடைய முப்பதாம் நாள் பூசை. அங்கே வாசிக்க, வீட்டில் யாருக்கும் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

மாமா நீரில் மூழ்கி வேலை செய்பவர். ஒருமுறை வயல்காரர் ஒருவரின் மோட்டாரை ஆற்றிலிருந்து மேலே கொண்டுவந்தார். "தம்பி, கூடவே ஒரு ஸ்பேனரும் விழுந்துச்சே" என்றார் அவர். "அதுக்கு நீங்க இறங்குங்கண்ணே, நான் கயிறு புடிக்கிறேன்" என்றார் மாமா. கரையே சிரித்தது.

கரையில் கயிறு பிடிப்பவர் எப்போதும் செல்வம் அண்ணன்தான்.

வாயில் கடித்துக்கொள்ளும் காற்றுக் கருவியில் திருகும் குமிழ் ஒன்று உண்டு. இறுக்கினால் மூச்சைச் சிரமப்பட்டு இழுக்க வேண்டும். தளர்த்தினால் காற்று எளிதாக வரும். ஓடும் நீர் மோதினால் காற்று தானே பீறிட்டு வீணாகும் என்பதால், மாமா குமிழை ஓரளவு இறுக்கியே இறங்குவார். கீழே போனதும் இரண்டே சுற்று தளர்த்துவார். "கலங்கல் தண்ணில கண்ணு தெரியாது பாப்பா, கைக்குக் கணக்கு தெரியும்" என்பார். அந்தக் கணக்கு மாறக்கூடாது என்பதால், செல்வம் அண்ணனைக்கூட அவர் குமிழைத் தொட விட்டதில்லை.

குறுவைக்குத் தண்ணீர் வந்த வாரம், மதகில் ஒரு மரம் சிக்கியது. அதை அகற்ற இறங்குவதற்கு முதல் நாள் மாலை, வீட்டில் கருவியைக் காற்று சிலிண்டரில் பொருத்தி வைத்துவிட்டு மாமா போனில் பேசிக்கொண்டே தெருவுக்குப் போனார். அது உஸ்ஸென்று சீறியது. சொட்டும் குழாயை இறுக்குவதுபோல் குமிழை முடிந்தமட்டும் இறுக்கினேன். சத்தம் நின்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மாமா வழக்கமான இரண்டு சுற்றுதான் தளர்த்தியிருப்பார். நான் இறுக்கியிருந்த இறுக்கத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்காது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். குமிழால்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அத்தை, "நீ பாத்திருக்க வேணாமாடா?" என்று செல்வம் அண்ணனைக் கேட்டபோது, அவர் "ஆமாக்கா, என் தப்புதான்" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். பூசைக்கு வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவின் முகத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆனாலும் காலையில் செல்வம் அண்ணனை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்த பிறகுதான் இதை வாசிப்பேன். மாமா, உங்களைக் கரையேற்றிய பிறகும், அன்று பொழுது சாயும்வரை, அந்த ஈரக் கயிற்றை அவர் கையிலிருந்து யாராலும் வாங்க முடியவில்லை. என்னை மன்னித்துவிட்டுப் போய் வாருங்கள்.