ஒரு மூலை மறைந்த வெளிச்சம்

ஆவி விழுந்திருக்கிறது என்று யாராவது ஒரு போட்டோவைக் கொண்டுவந்து காட்டினால் நான் சிரித்துவிடுவேன். ராசிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கல்யாணங்கள்தான் பிழைப்பு. லென்ஸில் தூசி, கண்ணாடியில் பட்டுத் திரும்பின ஃப்ளாஷ், குறுக்கே யாரோ நீட்டின கை, இதில் ஒன்றாகத்தான் இருக்கும், விளக்கிச் சொல்லி அனுப்பிவைப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், எனக்கு வருத்தம் இல்லை.

முதலில் கோகிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் லைட் பிடிக்க வந்த பெண். மணப்பெண் அறைக்குள் சங்கடமில்லாமல் போய்வர ஒரு பெண் இருந்தால் நல்லது என்று சேர்த்தேன், கொஞ்ச நாளில் என்னையே வேலை வாங்க ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வேலைமுறையும் அவளால் மாறிப்போனது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நான் ஆட்களைச் சரிசெய்வேன், லைட்டும் ட்ரிக்கரும் அவள் கையில் இருக்கும். ட்ரிக்கர் என்றால் தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட், அதை அழுத்தினால் ஒயர் ஏதும் இல்லாமலே கேமராவும் க்ளிக் ஆகும், அதே நொடியில் லைட்டும் அடிக்கும். எப்போது அழுத்துவது என்பது அவள் முடிவு. போட்டோ எடுத்தாயிற்று என்று நினைத்து ஆட்கள் மூச்சை விடுவார்கள் பாருங்கள், அப்போதுதான் அழுத்துவாள். "கேமராவப் பாக்காதீங்க, லைட்டப் பாருங்க" என்பாள். படங்கள் நன்றாக வந்ததால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவளைத் திட்டுவேன். லைட்டின் முகப்பில் வெள்ளைத் துணி போட்ட சதுரப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கும். அவள் குள்ளம், ஸ்டாண்டிலிருந்து கழற்றி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொள்வாள், பிடிக்கிறபோது கட்டைவிரல் துணியின் கீழ் மூலையில் ஏறிவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், எதிரே நின்றவர் கண்ணில் அந்தச் சதுரம் வெள்ளையாகத் தெரியும், ஒரு மூலை மட்டும் கறுப்பாக இருக்கும். சொன்னால், "கண்ணுக்குள்ள போயி யாருங்ணா பாக்கப் போறாங்க" என்று சிரிப்பாள்.

போன வருஷம் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அதைப் பற்றி அதற்கு மேல் பேச எனக்கு வராது. அந்த லைட், ஸ்டாண்டு, பழைய கேமரா எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிட்டு, கையில் ஒரு கேமரா, அதன் தலையிலேயே ஒரு ஃப்ளாஷ் என்று தனியாகவே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் அண்ணன் தினேஷுக்குக் கல்யாணம் வந்தது. போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் மேனேஜராக இருக்கிறான், நல்ல பையன். பத்திரிகை வைக்க வந்தவன் கிளம்பும்போது நின்று ஒன்று கேட்டான்.

"ஏனுங்ணா, எங்க அம்மாவ மட்டும் ஒரு போட்டோ எடுத்துருங்க. அவ போனதுல இருந்து கேமராவக் கண்டாலே மொகத்தத் திருப்பிக்குதுங்க. கல்யாண ஆல்பத்துல அம்மா இல்லைனா எனக்கு எதுக்குங்ணா அந்த ஆல்பம்?"

எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் வீட்டுக் கல்யாணமாயிற்றே என்று பரண்மேல் இருந்ததையும் இறக்கித் துடைத்து, புது பேட்டரி போட்டு எடுத்துக்கொண்டேன். திருச்செங்கோட்டுப் பக்கம் மண்டபம். விடியற்காலையில் போய் எல்லாவற்றையும் மாட்டி ஸ்விட்சைப் போட்ட பிறகுதான் உறைத்தது, ட்ரிக்கர் இல்லை. எப்படி இருக்கும்? அது எப்போதும் அவள் ஹேண்ட்பேக்கில்தான் இருக்கும், நான் அதை எடுத்துவைத்துப் பழகவே இல்லை. அந்தப் பை அவள் வீட்டிலேயே தங்கிவிட்டது, நானும் கேட்கவில்லை. ட்ரிக்கர் இல்லாவிட்டால் கேமராவைக் கையால் அழுத்தினாலும் லைட் அடிக்காது, இரண்டும் வெறும் காட்சிப் பொருள். யார் காலிலும் தட்டாமல் பந்தி வாசல் பக்கமாக இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கைக் கேமராவோடு மேடைக்கு ஓடினேன். ஸ்விட்சை அணைக்கவில்லை. கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் கவனிக்கவில்லை.

அந்த அம்மாவைக் காலையிலிருந்து துரத்தினேன். நான் திரும்பினால் தூணுக்குப் பின்னால் போவார், யாரிடமாவது குனிந்து பேசுவார், தாம்பாளத்தை முகத்துக்கு நேராகத் தூக்குவார். முதுகும் கொண்டையுமாகத்தான் கிடைத்தது.

முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீர். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவளை ஜோடியாக நிறுத்தி, கூறைச்சேலையின் ஒரு முனையை அவனிடமும் மறுமுனையை அவளிடமும் கொடுத்துச் செய்கிற சீர். தங்கை இல்லாததால் சித்தப்பா மகளை நிறுத்தினார்கள். அந்தப் பெண் சேலை முனையை வாங்கினதும் தினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா சட்டென்று எழுந்து, யாரையும் பார்க்காமல், பந்தி வாசலுக்குப் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார். என்னால் மேடையை விட்டு இறங்க முடியவில்லை. சீர் முடிந்து எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

அப்போது அந்த மூலையில் லைட் அடித்தது.

மேடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன், பழைய கேமராவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, அந்த அம்மா மட்டும் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கேமராவில் ஒரே ஒரு படம். அந்த அம்மாவின் முகம், முழு முகம், அழுது முடித்த கண்ணோடு லேசாகச் சிரிக்கிறார். ஃபோகஸ்கூடச் சரியாகக் கண்ணில் விழுந்திருந்தது.

எனக்கு முதலில் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அப்புறம் யோசித்தேன். பெண் வீட்டார் கூட்டிவந்த போட்டோகிராபர் ஒருவர் இருந்தார். இரண்டு பேர் ட்ரிக்கரும் ஒரே ரேடியோ சேனலில் இருந்தால் ஒருவர் அழுத்தினதற்கு இன்னொருவர் லைட் அடிப்பது இந்தத் தொழிலில் சகஜம். போய்க் கேட்டேன். "நம்மகிட்ட ட்ரிக்கரே இல்லீங்க, வீடியோ லைட்டுதானுங்க" என்று பையைத் திறந்தே காட்டினார்.

ஆல்பம் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். தினேஷ் அம்மாவின் படம் இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனான். அவன் அம்மா ரொம்ப நேரம் பார்த்தார்.

"கேமராப் பக்கமே நான் பாக்கலீங் சாமி," என்றார். "லைட்டப் பாக்கச் சொன்ன மாதிரி இருந்துச்சு. பாத்தேன்."

"யாருங்கம்மா சொன்னாங்க?"

எழுந்து உள்ளே போய், பீரோவிலிருந்து அந்த ஹேண்ட்பேக்கை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். ட்ரிக்கர் உள்ளேதான் இருந்தது, பேட்டரி கழற்றித் தனியாக ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. வேலை முடிந்ததும் கழற்றி வைப்பது அவள் பழக்கம்.

பழைய சாமான், எங்கோ கோளாறு, தானாக அடித்துவிட்டது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், அதில் ஒன்றும் தகராறு இல்லை. ஆனால் அன்றைக்கு லைட்டை நான் கேமராவுக்கு இடப்பக்கம், ஆள் உயரத்துக்கு மேலே நிறுத்தியிருந்தேன், படம் எடுத்த பிறகும் அது அங்கேயேதான் நின்றது. படத்தில் அந்த அம்மாவின் நிழல் சுவரில் மாறி விழுந்திருக்கிறது, வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து, நெஞ்சு உயரத்திலிருந்து வந்திருக்கிறது. அங்கே வெறும் தரைதான் இருந்தது.

ஸ்டுடியோவில் உட்கார்ந்து அந்தக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. இரண்டு கண்ணிலும் வெள்ளைச் சதுரம் தெரிகிறது. கீழ் மூலையில் ஒரு கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாக இருக்கிறது.