கீழே பல், மேலே மனசு

முன்மேசை வேலை என்பது டாக்டருக்குச் சேர வேண்டிய கோபத்தையெல்லாம் அவருக்கு முன்பாக வாங்கி வைத்துக்கொள்ளும் வேலை. டோக்கன் போட்டுக் கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் இனத்தாரே, உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்! ஆனால் உங்களுக்கெல்லாம் ஒரு கதவுதான். எனக்கு இரண்டு. தஞ்சாவூரில் நான் உட்கார்ந்திருக்கும் கட்டடத்தில் கீழே பல் டாக்டர், மாடியில் கவுன்சிலிங் மேடம். இருவருக்கும் ஒரே வாசல், ஒரே பெஞ்சு, ஒரே நான். மேடம் வருவது புதனும் சனியும். அந்த இரண்டு நாளும் ஊரில் பல்வலி கூடிவிடும். இனி வருகிற பெயர்களையெல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன்.

இடம் மாறிய வலி

மாடிக்கு வருகிறவர்கள் மாடிக்கு என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காருவார்கள். பக்கத்து ஆள் எழுந்து போனதும் என்னிடம் வந்து கண்ணால் படிக்கட்டைக் காட்டுவார்கள். நானும் சத்தம் போடாமல் தலையாட்டுவேன். ஏதோ கள்ளச் சாராயம் விற்கிறவள் மாதிரி எனக்கே எரிச்சலாக இருக்கும்.

ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அப்படித்தான் இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தார். முக்கால் மணி நேரம் கழித்து அழுது சிவந்த கண்ணோடு இறங்கினார். பெஞ்சில் அவரிடம் படிக்கிற பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் பதறிப்போய் வலது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். பக்கம் மாறிவிட்டது என்று நான் ஜாடை காட்டினேன். என் மேசைப் பக்கம் குனிந்து சொன்னார்: "வலி எடம் மாறிக்கிட்டேதான் இருக்கும்மா."

மருந்துச் சீட்டு எங்கே?

நாகூரிலிருந்து ஒரு பாய் வந்தார். இருபது வருஷம் சவுதியில் இருந்துவிட்டுத் திரும்பி, துணிக்கடை வைத்திருப்பவர். நெஞ்சு படபடக்கிறது என்று போன இடத்தில், இருதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி இங்கே அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் இறங்கி வந்ததும் மருந்துச் சீட்டு எங்கே என்று என்னிடம் சண்டை.

மேடம் மருந்து எழுத மாட்டார்கள். மருந்து தேவைப்பட்டால் மனநல டாக்டரிடம் அனுப்புவார்கள். இங்கே பேச்சுதான் வைத்தியம். ஒரே நாளில் ஒன்றும் தெரியாது, நாலைந்து தடவை வந்து பார்த்துவிட்டு நமக்குச் சரிப்படுகிறதா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யலாம். மேலே பேசியது படி இறங்கி வராது. கிளிப்பிள்ளை மாதிரி எல்லாருக்கும் ஒப்பிப்பதை அவருக்கும் ஒப்பித்தேன். "ஒரு யோசனைகூட சொல்லலையே, என்னையேல்ல பேசச் சொல்றாங்க" என்றார். பேச வேண்டியதுதானே பாய் என்றேன். கடைச் சாவியை எடுத்து விரலில் உருட்டினார். கோபம் போய்விட்டது. "இருபது வருஷமா வீட்டுக்கு போன் பண்ணி நல்லாருக்கேன்னு மட்டும்தாம்மா சொல்லிருக்கேன். வேற என்ன பேசுறதுன்னே தெரியல."

மல்லிகா கொண்டுவந்த ஜாதகம்

நீடாமங்கலம் பக்கத்து கிராமத்திலிருந்து மல்லிகா என்று ஒரு அக்கா வந்தார். மஞ்சள் பையிலிருந்து புருஷன் கோவிந்தராசுவின் ஜாதகத்தையும் ஒரு போட்டோவையும் எடுத்து மேசையில் வைத்தார். "அவங்க வர மாட்டாங்க தங்கச்சி. இத வச்சு மேடத்த பாத்துச் சொல்லச் சொல்லு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு நின்றது.

குறுவை நன்றாக விளைந்த வருஷம். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஒரு குறையும் இல்லை, அதுதான் ஊருக்குப் புரியவில்லை. அறுத்த நெல் களத்தில் கிடக்க, மனுஷன் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. சோறு இறங்கவில்லை, பேச்சு நின்றுவிட்டது. கோவிலுக்கும் போயாயிற்று, நாகூர் தர்காவுக்கும் போயாயிற்று. அவர் நேரில் வந்தால்தான் பேச முடியும்க்கா என்றேன். ஜாதகத்தை மடித்துப் பையில் வைத்தபடியே சொன்னார்: "வயலுக்கு அடிக்கிற மருந்தையெல்லாம் பக்கத்து வீட்ல குடுத்து வச்சிருக்கேன் தங்கச்சி. நான் கண்ண மூடியே பல நாளாச்சு."

பஞ்சு

இதை நான் போனில் சொன்னதும் மேடமே படி இறங்கி வந்தார்கள். மருந்து பக்கத்து வீட்டிலேயே இருக்கட்டும், அவரைத் தனியாக விடாதீர்கள், நாளைக்கே பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்டிவிட்டு என்னிடமும் கூட்டி வாருங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரி என்ற பேச்சுக்கே கோவிந்தராசு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். கெஞ்சிக் கூத்தாடி சனிக்கிழமை இங்கே மட்டும் அழைத்து வந்துவிட்டார் மல்லிகா. சவரம் செய்யாத முகம், தொளதொளவென்று சட்டை. விதி பாருங்கள், பெஞ்சில் அவர்கள் ஊர்க்காரன் முருகேசன் உட்கார்ந்திருக்கிறான், அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். "என்ன மாமா, இங்க?" கோவிந்தராசு பெண்டாட்டியைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், "பல்லு" என்றார்.

முருகேசன் பதறி எழுந்து தன் டோக்கனை அவர் கையில் திணித்தான். "நீங்க மொதல்ல போங்க மாமா, நான் அப்பறம் பாத்துக்கிறேன்." கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் பல் டாக்டரின் நாற்காலியில் உட்காரவும் வைத்துவிட்டான். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசை அன்றைக்கு நான் மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை. மேலே பேசியது கீழே வராது என்று ஒப்பிக்கிற வாயால், அவர் மாடிக்கு வந்தவர் என்று பெஞ்சு முன்னால் எப்படிச் சொல்வேன்? ஐம்பது தாண்டிய வாயில் ஆடுகிற பல் ஒன்று இல்லாமலா போகும்? இருந்தது, பிடுங்கியாயிற்று. மாடியில் மேடம் காத்திருக்க, மனுஷன் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே வந்த பல் டாக்டர் மல்லிகாவிடம் சொன்னார்: "பஞ்ச துப்பாம கடிச்சுக்கிட்டே இருக்கட்டும். இன்னைக்கு அதிகம் பேச வேணாம்."

யாருக்கு டோக்கன்?

புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க பல் டாக்டர் வரச் சொன்னதால் புதன்கிழமை மறுபடி வந்தார்கள். புண் ஆறியிருந்தது. பல் கதை முடிந்தது, இனி அவர் இந்த வாசல் மிதிக்கக் காரணம் இல்லை. மல்லிகா படிக்கட்டைக் காட்டினார். கோவிந்தராசு எழுந்தார், இரண்டு மூன்று படி ஏறினார், கீழே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார், இறங்கி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மல்லிகாவின் முகத்தை எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. சட்டென்று அவரே, "நான் மேல போறேன் தங்கச்சி" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு, கன்னத்தில் கை வைக்காமல் ஏறிப் போனார்.

கோவிந்தராசுவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்து, "அவளுக்கு என்னம்மா கஷ்டம்?" என்றார். பக்கத்து வீட்டு மருந்து விஷயம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "அத அவங்கதாங்கய்யா சொல்லணும்" என்றேன். முக்கால் மணி நேரமும் படிக்கட்டிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. முகம் வீங்கி இறங்கி வந்தார் மல்லிகா. கோவிந்தராசு நகர்ந்து இடம் கொடுத்தார். கிளம்பும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டியை ஒரு தடவை பார்த்தார். பெஞ்சில் ஆள் இருக்கும்போதே என்னிடம் சொன்னார்: "அடுத்த வாரம் எனக்கும் ஒரு டோக்கன் போடும்மா. பல்லுக்கு இல்ல."

அந்த ஒரு வாரமும் போன் அடித்தபோதெல்லாம் மல்லிகாவாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் எடுத்தேன். பூச்சி மருந்து இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. மல்லிகாவுக்கும் இன்னும் தூக்கம் வந்த பாடில்லை. ஆனாலும் மனுஷன் சொன்னபடி வந்துவிட்டார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான்.